ஜன்னலோரத்தில் நான்கு கத்தரிக் கன்றுகள்

1987ஆம் ஆண்டு. நியூசிலாந்தில், ஒக்லாந்தின் தெற்கே, பாபகூராவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வரும்போது என் கணவர் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். அவருடைய அப்பா தன் தோட்டத்துக் கத்தரிக்காயில் எடுத்து, சாம்பல் பிரட்டிக் காயவைத்துக் கொடுத்த விதை. விமான நிலையத்தில் அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அந்த ஆண்டு ஆனி மாதம் மாமா, அதாவது இவருடைய அப்பா, இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. ஊரில் சண்டை, போக வழியில்லை. அன்றிலிருந்து இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் தானாகவே அந்தப் பொட்டலத்தை எடுத்து, விதை முழுவதையும் ஒரு தட்டில் போட்டு, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலமாரிக்குள் வைத்தார். அந்தச் சூட்டில் இருபத்துநான்கு முளைத்தன. பிறகு மனிசன் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினார். எல்லாம் அப்பாவின் தோட்டக் கதைதான். எனக்கு அதுவே போதும்.

பக்கத்து வீட்டில் பிஜியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். அவளுடைய முன்னோர் தமிழ்நாடு. தமிழைக் கொஞ்சம் யோசித்து யோசித்துப் பேசுவாள். அங்கே குளிர்காலம் முடிகிற செப்டெம்பர் கடைசியில் நான் பாத்தி கொத்துவதைப் பார்த்துவிட்டு வேலியருகே வந்தாள்.

"இப்ப வெளியே வைக்காதீங்க அக்கா. லேபர் வீக்கெண்ட் வரட்டும். பனி கருக்கிடும்."

ஒக்டோபர் கடைசியில் வரும் தொழிலாளர் விடுமுறைக்கும் கத்தரிக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குள் சிரிப்பு. வீட்டில் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நல்ல நாள், நல்ல நேரம். யாழ்ப்பாணத்தில் அச்சடித்த பஞ்சாங்கத்துக்குப் பாபகூராப் பனி தெரியுமா என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. "ஓம் ஓம், பாப்பம்" என்று சொல்லிவிட்டு நட்டேன். இவர் தயங்கினார். நாள் தவறக்கூடாது என்று நான்தான் நெருக்கினேன். பாத்தி இருபது கன்றுதான் கொண்டது. மிச்சம் நான்கையும் பெரிய மனதோடு அவளுக்குக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். நான் கொடுத்த நான்கும் தயிர்க் கிண்ணங்களில் குசினி ஜன்னலோரமாக அப்படியே இருந்தன. மாமாவின் விதை என்று அவ்வளவு சொல்லிக் கொடுத்தும், மண்ணில் வைக்கக்கூட இவளுக்கு மனமில்லையே என்று நினைத்தேன். தந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கிழமையே ஒரு காலை புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. இவர் வேலைச் சப்பாத்தோடு பாத்திக்கருகில் குந்தியிருந்தார். கன்றுகள் வெந்த கீரைபோலக் கறுத்துச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இருபதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"அப்புவை ரெண்டாந்தரம் பறிகுடுத்த மாதிரி இருக்கு" என்றார். தன் அப்பாவை அவர் அப்பு என்றுதான் கூப்பிடுவார்.

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வேலைக்குப் போனதும் வாசற்படியில் இருந்து அழுதேன்.

அவள் வேலிக்கு மேலால் பார்த்திருக்க வேண்டும். ஒரு தட்டில் அந்த நான்கு கிண்ணங்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் புதிதாக இரண்டு இலை விட்டிருந்தது.

"இது உங்க மாமா விதை அக்கா. குளிர் போகட்டும்னுதான் உள்ளேயே வச்சிருந்தேன். பகல்ல வெயில்ல வைப்பேன், சாயங்காலம் உள்ளே எடுப்பேன்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டையாவது நீ வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. அன்று மாலை இவர் அந்தக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு, எந்த ஜன்னலில் வெயில் அதிகம் விழும் என்று என்னைக் கேட்டார்.

லேபர் வீக்கெண்ட் திங்கட்கிழமை மூவருமாக நட்டோம். அன்று நாள் நல்லதா கெட்டதா என்று நான் பார்க்கவில்லை. பெப்ரவரியில் காய்த்தது. முதற்காயைச் சமைக்க இவர் விடவில்லை. செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு, அப்பாவைப்போலவே சாம்பல் பிரட்டிக் காயவைத்தார். அதில் பாதி விதையைப் பொட்டலமாகக் கட்டி, தானே வேலியைச் சுற்றிப் போய் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்றைக்கும் நான் கொடுத்த ஒன்றை யாராவது ஒரு மூலையில் எடுத்து வைத்தால், முன்போல மனம் சட்டென்று சுருங்குவதில்லை. தினமும் வெயிலுக்கு எடுத்து, மாலையில் உள்ளே வைக்கிற ஒரு கை அதற்குப் பின்னால் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.