காதாட்டி மாட்டிய கண்ணாடி

காதாட்டி என்ற பேரை அவளுக்கு முதலில் வைத்தது அவளுடைய பெரியம்மா. கதவு சாத்துகிற சத்தத்துக்குத் தங்கையின் பெண்பிள்ளை காதை அசைக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் அது புதிதில்லை. பிள்ளையின் தாய்மாமனுக்கு இடக்காது மட்டும் ஆடும். அவருடைய அப்பாவுக்கு இரண்டும். பேர் ஒட்டிக்கொண்டது.

வளர்ந்ததும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். பழுது பார்த்த கண்ணாடியைத் தன் காதில் மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு காதை ஆட்டுவாள். காதில் மாட்டுகிற காம்பு தளர்ந்திருந்தால் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும். மறுபடி திருகாணியை முறுக்குவாள். கடைக்கு வந்த உயிரியல் வாத்தியார் ஒருவர், அந்தத் தசை எல்லோர் காதுக்குப் பின்னாலும் உண்டு, சத்தம் வந்த பக்கம் காதைத் திருப்பிய ஆதி முன்னோர்களின் மிச்சம் அது, பலருக்கும் இப்போது வேலை செய்வதில்லை என்றார். அதுவரை கூந்தலால் காதை மூடியிருந்தவள் அன்றே கொண்டையைத் தூக்கிக் கட்டினாள்.

முப்பதைத் தாண்டி ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பையனை அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பேச்சு முடிகிறவரைக்கும் காதைச் சும்மா வைத்திரு என்று அம்மா கெஞ்சினாள்.

பையனின் அத்தை, பெண்ணை வேலையிடத்தில் பார்த்துவிடலாம் என்று, காம்பு தளர்ந்த கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தாள். யாரென்று தெரிந்தும் இவள் திருகாணியை முறுக்கினாள், மாட்டினாள், ஆட்டினாள். அத்தை நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

"என்னம்மா இது, குரங்காட்டம்? இனிமே ஆட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்."

"உங்க கையப் பாருங்க அத்தை."

முன்கை முழுக்க முடி குத்திட்டு நின்றது.

"பயந்த பூனை சிலிர்த்துக்கிட்டா பெருசாத் தெரியும், எதிரி ஒதுங்கிப் போகும். உங்களுக்கு இருக்கிறது நாலு முடி, அதுவும் எந்திரிச்சு நிக்குது. என் காதும் அப்படி ஒரு மிச்சந்தான். நீங்க அத விட்டுட்டு வாங்க, நான் இத விட்டுடறேன்."

"வாய் ரொம்ப நீளம் உனக்கு."

"ஆடுறது காதுதான் அத்தை. வாய் நேராத்தான் பேசுது."

அத்தை கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் பையன் வந்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் அடக்கி வைக்கக் கூடாதா என்று கேட்டான். எவ்வளவு நாளைக்கு என்று இவள் கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சம்பந்தம் அதோடு சரி.

அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தன் கண்ணாடியையும் கொண்டுவந்து நீட்டினாள், ஆட்டிப் பார்த்துக் கொடு என்று.

காதாட்டி இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறாள், வாசலை ஒட்டிய பழுது மேசையில்.