ஸ்ரெதனின் ஏழாவது ஆட்டம்

எங்கள் சாச்சாக் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர் மாற்றிக் கொடுக்கும் புடிமிரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள்: ஆள் கணக்கில் புலி. பள்ளிக்கூடத்தில் அப்படி இருந்தானா என்றால் அதுதான் இல்லை. அவனுக்குக் கணக்கு வந்ததே கால்பந்து ஆட்டங்களுக்குப் பணம் கட்டும் பந்தயக் கடையில்தான். ஒரே சீட்டில் ஐந்து ஆட்டம், ஆறு ஆட்டம் என்று சேர்த்துக் கட்டுகிறார்களே, அந்தச் சீட்டை ஒரு பார்வை பார்ப்பான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடைக்காரன் போட்டிருக்கும் விகிதத்தை மனசுக்குள் பெருக்கி, மெஷின் அச்சடிக்கும் முன் தொகையைச் சொல்லிவிடுவான்.

புதிதாக வருகிறவர்கள் விகிதங்களைக் கூட்டித் தொலைப்பார்கள். புடிமிர் அதட்டுவான். ஒன்றுக்கு இரண்டு தரும் ஆட்டத்தையும் ஒன்றுக்கு மூன்று தரும் ஆட்டத்தையும் சேர்த்தால் ஐந்து இல்லை, ஆறு. தொகை இப்படிப் பெருகப் பெருக, ஜெயிக்கும் வாய்ப்பு அதே வேகத்தில் சுருங்கும். எல்லா ஆட்டமும் சொன்னபடி வரவேண்டும். ஒன்று சறுக்கினாலும் சீட்டு குப்பைக்கு. கடைக்காரனோ ஒவ்வொரு ஆட்டத்திலும் தனக்கு ஒரு வாய் கடித்துக்கொண்டுதான் விகிதம் போடுகிறான். இதையெல்லாம் அவன் விளக்கும்போது காபிக் கோப்பையோடு நாலு பேர் சுற்றி நிற்பார்கள். அந்த நாலு பேருக்காகத்தான் மனுஷன் உயிர் வாழ்ந்தான். சொந்தச் சீட்டில் ஜெயித்தது என்னவோ அபூர்வம்.

ஸ்ரெதன் அவனுடைய கூம். அதாவது, புடிமிரின் கல்யாணத்தில் சாட்சியாக மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவன். எங்கள் பக்கத்தில் இந்த உறவு கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேலே. கூம் என்ற முறையில் ஒன்று கேட்டால் மறுக்கவும் கூடாது, பொய் சொல்லவும் கூடாது.

இந்த ஸ்ரெதனுக்கு இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டாலே வியர்க்கும். ஒரு காலத்தில் லாரி ஓட்டினான், இப்போது பேக்கரி வண்டி. எந்த ஊரில் அவனுக்கு நல்ல சூப் கிடைத்ததோ அந்த ஊர் அணி ஜெயிக்கும் என்று கட்டுவான். அந்தக் கூத்தைப் பார்த்துப் புடிமிர் வருஷக்கணக்காகச் சிரித்தான். போன வசந்தத்தில் அந்தச் சூப்புச் சீட்டு ஒன்று அப்படியே பலித்தது. அடுத்த மாதம் இன்னொன்று. அவ்வளவுதான், காபிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக ஸ்ரெதன் பக்கம் நகர்ந்தன. அவனுக்குப் "பேராசிரியர்" என்று பட்டம் வேறு. அந்தப் பட்டம் யாருக்கு வரவேண்டியது? சொல்லுங்கள்!

வீட்டிலும் நிம்மதி இல்லை. சீட்டு எழுதும் முன் கூமிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று மனைவி மிலுங்கா சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். புடிமிர் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டவன் நான், கும்பிடு அவனுக்கா என்று உள்ளுக்குள் குமைந்தான். ஸ்ரெதன் கதவைத் திறந்து வருவதைப் பார்த்தாலே அவன் முகம் கடுகடு என்று ஆகிவிடும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஸ்ரெதன் இருநூறு தினார் வைத்து ஏழு ஆட்டம் கட்டினான். ஏழில் ஆறு பைத்தியக்கார ஆட்டங்கள், ஆறும் வந்துவிட்டன. இருநூறு ஏற்கெனவே எண்பதாயிரமாக ஏறி நின்றது. ஏழாவது ஆட்டம் ஞாயிறு சாயங்காலம், ஒன்றுக்கு ஒன்றரை. அதுவும் வந்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம்.

ஞாயிறு காலை ஸ்ரெதன் டயர் கடைக்கே வந்துவிட்டான். அடுத்த மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். அவனுக்கோ மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. பல் கட்டுவதற்கு எழுபதாயிரம் கேட்கிறார் பல் டாக்டர். போட்டோவில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டுமே என்று மனுஷன் மாசக்கணக்காக மறுகிக்கொண்டிருந்தான்.

"கூமே, விறகுக்குன்னு அம்பதாயிரம் எடுத்து வெச்சிருக்கேன். ஏழாவது ஆட்டத்துல நான் கட்டின அணி ஜெயிக்காதுன்னு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கட்டினா தப்பிக்கலாமா? கூம்ங்கிற முறையில கேக்கறேன். எனக்கு ஒண்ணும் புரியல, நீதான் சொல்லணும்."

புடிமிருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு ஒன்றுக்கு இரண்டரை. நாற்பத்தெட்டாயிரம் கட்டினால் போதும். அந்த அணி ஜெயித்தால் சீட்டு தரும் ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் நாற்பத்தெட்டு போக எழுபத்திரண்டு மிச்சம். ஜெயிக்காவிட்டால் எதிர்ப்பக்கம் அதே ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தரும். கட்டினது போக அப்போதும் எழுபத்திரண்டுதான். பந்து எங்கே உருண்டாலும் பல் நிச்சயம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் பளபளவென்று புதுப் பல்லோடு ஸ்ரெதன் பந்தயக் கடை நடுவே சிரிப்பதும், எல்லோரும் அவன் தோளைத் தட்டுவதும் கண்முன் வந்தது. நாசமாய்ப் போகட்டும் அந்தச் சீட்டு!

"விறகுக் காசைத் தொடாத. அந்தக் கணக்கு ஒத்து வராது, ரெண்டு பக்கமும் போயிடும். சீட்டை அப்படியே விடு," என்றான்.

கூம் சொன்னால் சரி என்று ஸ்ரெதன் போய்விட்டான்.

சாயங்காலம் பந்தயக் கடை நிரம்பி வழிந்தது. ஸ்ரெதனின் அணி முதலில் ஒரு கோல் வாங்கியது. புடிமிர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான், உள்ளுக்குள் மனசு குளிர்ந்தது. பிறகு சமன் ஆயிற்று. அப்படியே முடியட்டும் சாமி என்று அவன் மனசார வேண்டினான். கடைசி நிமிஷத்தில் ஸ்ரெதனின் அணிக்கு ஒரு பெனால்டி, பந்து உள்ளே. கடையே எழுந்து கத்தியது.

ஸ்ரெதன் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் மூன்று முத்தம் வைத்தான். நான் பயந்தேன், என் கூம் பயப்படவில்லை, விட்டுவிடாதே என்று தைரியம் சொன்னது இவன்தான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். அத்தனை பேருக்கும் ரக்கியாச் சாராயம் வாங்கினான். புடிமிர் தன் பங்கைக் கஷாயம் குடிப்பதுபோலக் குடித்தான்.

அப்போதுதான் கவுன்ட்டரில் இருக்கும் ராட்மிலா, கள்ளம் கபடம் இல்லாமல், பணம் எண்ணிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"இவ்வளவு பயம் எதுக்கு மாமா? எதிர்ப்பக்கம் நாப்பத்தெட்டாயிரம் கட்டியிருந்தா எப்படியும் எழுபத்திரண்டு கெடைச்சிருக்குமே. புடிமிர் மாமா சொல்லலையா?"

"கேட்டேனே," என்றான் ஸ்ரெதன். "ஒத்து வராதுன்னானே."

எல்லாத் தலையும் புடிமிர் பக்கம் திரும்பியது. புலிக்குத் தெரியாத கணக்கா இது? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? ஸ்ரெதனின் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவன் கண்ணில் ஒரு சந்தேகம் எழும்புவதைப் புடிமிர் பார்த்தான். கூமுக்குக் குழி வெட்டினவன் என்று பேர் வாங்கினால் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. மிலுங்காகூட முகம் கொடுக்கமாட்டாள்.

"கூமே, உனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அதானே?" என்று ஸ்ரெதன் கேட்டான். கேட்டான் என்பதைவிடக் கெஞ்சினான் என்பதே சரி.

இத்தனை வருஷப் பேர், அந்த நாலு பேர், எல்லாம் அந்தப் பதிலில் இருந்தது. புடிமிர் கோப்பையைக் கீழே வைத்தான்.

"தெரியாது," என்றான். "நம்மளுக்கு அது வரல."

ஸ்ரெதன் பெருமூச்சு விட்டு அவன் தோளில் கைபோட்டுக்கொண்டான். யாரோ கெக்கலித்ததற்கு, யாருக்கும் எல்லாம் தெரிந்துவிடாது என்று அதட்டி வாயை அடைத்தான். ராட்மிலாவுக்குப் பாவமாக இருந்திருக்கவேண்டும். ஒரு வெற்றுச் சீட்டைத் திருப்பிப் போட்டு, புடிமிரைப் பக்கத்தில் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி அந்தக் கணக்கை எழுதிக் காட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் குனிந்து நின்று, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினான்.