பொன்ரியாக் மூர்த்தி

மொன்றியலில் உருத்திரமூர்த்தி என்று விசாரித்தால் ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். பொன்ரியாக் மூர்த்தி என்றால் வில்லரேயில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர்கூட வழி சொல்வார். சென்ட் லோரன்டில் ஒரு கார் விற்பனைக்கூடத்தில் அவர் பொன்ரியாக் கார் விற்றார். அங்கே கார் வாங்கிய தமிழர்கள் காரைப் பார்த்து வாங்கியதை விட மூர்த்தியைப் பார்த்து வாங்கியதுதான் அதிகம்.

ஜெர்மனி வழியாக எண்பதுகளின் கடைசியில் வந்து சேர்ந்தவர். முதலில் அந்தக் கூடத்தின் பின்பக்கத்தில் கார் கழுவும் வேலை. குளிர்காலத்தில் பனி உருக வீதியில் தூவும் உப்பு காரின் அடியில் ஒட்டியிருக்க, அதைச் சூடான தண்ணீர் அடித்துக் கழுவுவார். தண்ணீர் கழுத்துக்குள் இறங்கி அங்கேயே குளிர்ந்துவிடும். ஒருநாள் பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரியாத ஒரு தமிழ்க் குடும்பம் வந்து நின்றது. மனேஜர் றெனோல்ட் பின்பக்கம் வந்து இவரைக் கூப்பிட்டார். கழுவுகிற சப்பாத்தோடு போய் மொழிபெயர்த்தார். அந்தக் குடும்பம் கார் வாங்கியது. அடுத்த மாதம் அவர்களின் மைத்துனன் வந்தான், பிறகு மைத்துனனின் முதலாளி வந்தார். மூர்த்திக்கு ஒரு மேசையும் கழுத்துப்பட்டியும் கிடைத்தன.

விற்கிற பொருளின் வரலாற்றை அவர் பாடமாக்கி வைத்திருந்தார். ஐரோப்பியரை எதிர்த்துப் போரிட்ட ஆதிக்குடித் தலைவன் ஒருவனின் பெயரில், 1926இல், மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய வண்டி. அறுபதுகளில் அமெரிக்காவில் விற்பனையில் மூன்றாம் இடம்வரை ஏறியது. கனடாவுக்கென்றே லோறன்ஷியன், பரிசியென் என்ற பெயர்களில் கார்கள் வந்தன. மொன்றியலுக்கு வடக்கே புவாபிறியோன் ஆலையில் ஃபயர்பேர்ட் கார்களைச் செய்தார்கள். "எங்கட ஊரில செய்யிற கார் அண்ணை" என்பார். எங்கட ஊர் என்று எதைச் சொல்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஆலையை 2002இல் மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, பொன்ரியாக்கை விட வயதில் மூத்த ஓல்ட்ஸ்மொபீல், அதைப் போலவே ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனி வீட்டுப் பிள்ளை, நின்றுபோனது. மூர்த்தி தன் பேச்சில் ஆலையைப் பற்றிய வரியை எடுத்துவிட்டார். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

அவருக்குக் கைராசி இருப்பதாக ஆட்கள் நம்பினார்கள். யார் தொடக்கியதோ தெரியாது. புதுக் காரை விற்பனைக்கூடத்திலிருந்து கோவிலுக்கு மூர்த்திதான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். ஐயர் திருநீறும் குங்குமமும் வைத்து, தேசிக்காயை முன்சில்லுக்கு அடியில் வைப்பார். மூர்த்தி அதன்மேல் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கி, கார்த் திறப்பை இரண்டு கையாலும் சொந்தக்காரரிடம் கொடுப்பார். அதன் பிறகுதான் அது அவர்களுடைய கார். அவர் கை பட்ட கார் நசுங்காது, களவு போகாது, பனியில் வழியில் நிற்காது என்றார்கள். நசுங்கிய கார்களும் இருந்தன. அவற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தியாகராசா அவருடைய முதல் சிநேகிதர். வயதில் ஐந்தாறு வருடம் மூத்தவர். சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசை பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. வந்த புதிதில் இருவரும் ஒரே அறையில் படுத்தவர்கள். தியாகராசாவின் மனைவி இந்திராதேவி வந்த பின்னும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு மூர்த்திக்கு வில்லரேயில் அவர்கள் வீட்டில்தான். மூர்த்தி கல்யாணம் செய்யவில்லை. கேட்டால், "நல்ல மொடல் வரட்டும் அக்கா" என்பார். "வாறதுக்குள்ள உங்கட எஞ்சின் பழசாப் போகும்" என்று இந்திராதேவி சொதியை ஊற்றுவாள்.

2009 தை மாதம் அவர்களுடைய பழைய கார் நெடுஞ்சாலையில் செத்துப்போனது. மகள் ஆர்த்திகாவுக்கு லவாலில் ஒரு வைத்தியசாலையில் தாதி வேலை கிடைத்திருந்தது. விடியக்காலை முறைக்குப் போக பஸ் சரிவராது. தியாகராசா விற்பனைக்கூடத்துக்கு வந்தார்.

"மூர்த்தி, உன்ர கொம்பனி விழப்போகுதாம். செய்தியில சொல்லுறாங்கள்."

"உது விழாது அண்ணை. அரசாங்கம் விடாது."

"அரசாங்கத்தை நம்பிக் கார் வாங்கவோ?"

"என்னை நம்பி வாங்குங்கோவன். வைப் எண்டு ஒரு மொடல் இருக்கு. பேர்தான் பொன்ரியாக், உள்ளுக்குள்ள ஜப்பான்காரன்ர எஞ்சின்."

"அப்ப ஜப்பான்காரனிட்டையே போறன்."

"போங்கோ. ஞாயிற்றுக்கிழமைச் சோத்தையும் அங்கையே தின்னுங்கோ." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனால் அந்த வருடம் சிரிப்பு நீளவில்லை. வன்னிப் போரில் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. தியாகராசாவின் தங்கை குடும்பம் அதற்குள் இருந்தது. மாசிக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. இங்கே ஆட்கள் பஸ் பிடித்து ஒட்டாவாவுக்குப் போய்ப் பாராளுமன்றத்தின் முன்னால் குளிரில் நின்றார்கள். சித்திரை வருடப்பிறப்பை யாரும் கொண்டாடவில்லை. வேலைக்குப் போகிற பிள்ளைக்குக் கார் வேண்டும் என்பதால் மட்டும், அமாவாசை கழிந்த ஞாயிறு, ஏப்ரல் இருபத்தாறாம் திகதிக்கு இந்திராதேவி ஐயரிடம் கேட்டு நாள் வைத்தாள். வீட்டில் அந்த மாதம் முழுவதும் நடந்த ஒரே நல்ல காரியம் அந்த நாள் வைத்ததுதான்.

நாள் வைத்துவிட்டால் அந்தக் காரியத்தைப் பற்றிக் கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது. கல்யாணமானாலும் சரி, குடிபுகுதலானாலும் சரி, காரானாலும் சரி. மூர்த்தி அப்படித்தான் வளர்ந்தவர். தியாகராசாவும் அப்படித்தான்.

சனிக்கிழமை பின்னேரம் றெனோல்ட் மூர்த்தியைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வழமையில் கதவைச் சாத்துகிற மனிதர் அல்ல.

"திங்கட்கிழமை அறிவிக்கப்போகிறார்கள்" என்றார் பிரெஞ்சில். "பொன்ரியாக் முடிந்தது. நேற்றே செய்தியில் கசிந்துவிட்டது. நான் உறுதியாகக் கேட்டுவிட்டேன்."

மூர்த்தி வெளியே பார்த்தார். தியாகராசாவின் வைப், சாம்பல் நிறம், கழுவித் துடைத்து முன்வரிசையில் நின்றது. காலையில் தன் கையாலேயே கழுவியிருந்தார்.

"நாளைக்கு உன் நண்பர் எடுக்கிறார், இல்லையா? திறப்பு இன்னும் உன்னிடம்தான். நீ சொன்னால் நான் காகிதத்தைக் கிழித்துவிடுகிறேன். எனக்குக் கவலையில்லை. இனி எதைப் பற்றியும் கவலைப்பட ஒன்றுமில்லை."

மூர்த்தி மேசைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். தியாகராசா வீட்டு இலக்கத்தை அழுத்தினார். இந்திராதேவி எடுத்தாள்.

"சொல்லுங்கோ மூர்த்தி. நாளைக்குக் காலமை எத்தினை மணிக்குக் கோயிலடிக்கு வாறியள்? நான் மோதகம் அவிக்கிறன். கன நாளைக்குப் பிறகு அடுப்பில நல்ல காரியத்துக்கு ஒண்டு வைக்கிறன்."

"பத்து மணிக்கு நிப்பன் அக்கா."

"வேற ஏதும்?"

"ஒண்டுமில்லை. தேசிக்காய் மறந்துபோகாதேங்கோ."

ஞாயிறு காலை காரைக் கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஐயர் பூசை செய்தார். தேசிக்காய் நசிந்தது. திறப்பை இரண்டு கையாலும் ஆர்த்திகாவிடம் கொடுத்தபோது தியாகராசா அவரைப் பார்க்காமல் காரின் கூரையைத் தடவிக்கொண்டு நின்றார். மூர்த்தி அதைக் கவனித்தார். தங்கையை நினைக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டார்.

திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. பின்னேரம் தியாகராசா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கேள்விப்பட்டன். உனக்கு முன்னமே ஒண்டும் சொல்லேல்லையோ அவங்கள்?"

இங்கேயும் ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. மூர்த்தி அதையும் சாத்தினார்.

"இல்லை அண்ணை. எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்."

"அதானே. நீ யோசிக்காதை. கார் நல்லா ஓடுது."

கார் நன்றாகத்தான் ஓடியது. பொன்ரியாக் கார்களுக்கான பாகங்களும் திருத்தமும் கொம்பனியின் மற்ற விற்பனைக்கூடங்களில் தொடர்ந்து கிடைத்தன. அந்த ஆனியில் ஜெனரல் மோட்டர்ஸ் திவால் மனுப் போட்டு, அரசாங்கங்கள் தூக்கிவிட, மெலிந்து எழும்பி நடந்தது. பொன்ரியாக் மட்டும் நடக்கவில்லை. அதற்குள் வைகாசியில் வன்னியில் போரும் முடிந்துவிட்டது. தியாகராசாவின் தங்கை குடும்பத்தில் ஒரு பிள்ளையைத் தவிர யாரும் மிஞ்சவில்லை என்ற செய்தியும் வந்துவிட்டது. செத்த வீட்டுக்கு மூர்த்தி போனார். கதவுக்குக் கிட்ட ஒரு கதிரையில் இருந்துவிட்டு வந்தார்.

கோவிலில் பகிடி தொடங்கியது. "மூர்த்தி, தாய் தகப்பன் இல்லாத கார் இன்னும் கிடக்கோ?" "கைராசிக்காரன் கை வைச்சுக் கொம்பனியையே சரிச்சுப்போட்டார்." சொன்னவர்கள் சிரித்தார்கள், மூர்த்தியும் சிரித்தார். ஒருநாள் அன்னதான வரிசையில் யாரோ, "தெரிஞ்சுகொண்டுதானே தியாகராசாவின்ர தலையில கட்டினவர்" என்றார். தியாகராசா கையில் கோப்பையோடு திரும்பினார்.

"அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாம விடமாட்டான். அவனைப் பற்றி ஒருத்தரும் என்னோட கதைக்கவேண்டாம்."

தூணுக்கு அந்தப் பக்கம் மூர்த்தி நின்றார். சோறு வாங்காமல் காருக்குப் போனார். அடுத்த ஞாயிறு வில்லரேக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வேலை என்றார். திட்டுவாங்கியிருந்தால் போயிருப்பார். நம்புகிற மனிதரின் முன்னால் இருந்து சோறு தின்ன முடியவில்லை. தியாகராசா சில தடவை தொலைபேசி எடுத்தார். பிறகு அவரும் விட்டார்.

கூடத்தை அடுத்த வருடம் மூடினார்கள். பொன்ரியாக்கின் சிவப்பு அம்புத்தலை அடையாளத்தை ஏணி வைத்துக் கழற்றியபோது பார்க்க றெனோல்ட் கூப்பிட்டார், மூர்த்தி போகவில்லை. ஒரு ஜப்பானியக் கூடத்தில் சேர்ந்து பார்த்தார். அங்கே வந்த தமிழர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். முதல் ஓட்டத்துக்கு யாரும் அவரைக் கேட்கவில்லை. புதுக் கார் வந்த வீடுகளில் மூர்த்தியைக் கண்டால் திறப்பை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வான் ஓட்டினார். அந்த வேலையில் யாருடைய நம்பிக்கையும் தேவைப்படவில்லை. ஏறுபவர்கள் பின்னால் இருந்து தங்கள் போனைப் பார்த்தார்கள்.

போன மாசியில் தியாகராசா மாரடைப்பில் போனார்.

பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலைக்கு மூர்த்தி தாமதமாகப் போனார். ஆட்கள் கலைந்த பிறகு ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம். ஆனால் கிரியை அப்போதுதான் தொடங்கவிருந்தது. சாம்பல் நிறப் பெட்டிக்குள் தியாகராசா வேட்டியோடு கிடந்தார். இந்திராதேவி மூர்த்தியைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தாள்.

"வந்திட்டியளே. அவர் இருக்கேக்க வந்திருக்கலாம்."

"அக்கா..."

"நான் ஒண்டு சொல்லவேணும். அவர் உங்களிட்டைச் சொல்லச்சொல்லிச் சொல்லேல்லை, ஆனா நான் சொல்லிப்போடவேணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கார் எடுக்க முந்தின வெள்ளிக்கிழமையே ஆர்த்திகா செய்தியில பாத்திட்டாள், கொம்பனி உந்தக் காரை நிப்பாட்டப்போகுது எண்டு. வேண்டாம் அப்பா எண்டு அழுதவள். இவர்தான், நாள் வைச்சாச்சு, இனி வாய் வைக்கக்கூடாது, அதோட மூர்த்தியின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது எண்டார். தெரிஞ்சுகொண்டுதான் எடுத்தனாங்கள்."

மூர்த்தியின் கை அவள் கைக்குள் இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, அங்கே விடவும் முடியவில்லை.

"நாங்கள் இரங்கி வாங்கினது உங்களுக்கு எப்பிடியோ தெரிஞ்சுபோச்சு, அந்த ரோசத்திலதான் வராம விட்டிட்டியள் எண்டு இவர் கடைசி மட்டும் சொன்னவர். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவார். பாவம், அண்டைக்கு அவனுக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் தெரிஞ்சுகொண்டு அவனைப் பேயனாக்கிப்போட்டன் எண்டு. மனசில வைச்சிருக்காதேங்கோ மூர்த்தி."

"ரோசமில்லை அக்கா."

"பேந்து?"

அவர் பெட்டியைப் பார்த்தார். ஐயர் நெற்பொரியையும் அரிசியையும் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"வெக்கம்" என்றார்.

"உங்களுக்கென்ன வெக்கம்? அமெரிக்காக்காரன்ர கொம்பனி விழுந்தது உங்கட பிழையே?"

இனி சொல்வதற்கு ஒரே ஒரு வசனம்தான் மிச்சம். சனிக்கிழமையே எனக்குத் தெரியும் அக்கா. பெரிய வசனமும் இல்லை. அதைச் சொன்னால், இந்த மனிதர் இத்தனை வருடமும் ஞாயிறுதோறும் பட்ட வேதனை ஒன்றுமில்லாததற்காகப் பட்டது என்று இவளுக்கு இங்கே, பெட்டியை மூட முன்னால், தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அந்த வேதனை தியாகராசாவோடு எரியும், தன் பெயர் மட்டும் சுத்தமாக மிஞ்சும். எது நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை. எது தனக்கு வசதி என்று தெரிந்தது.

"இல்லை அக்கா" என்றார். "என்ர பிழை இல்லை."

ஐயர் வாய்க்கரிசி போட ஆட்களை அழைத்தார். இந்திராதேவி மூர்த்தியின் முழங்கையைப் பிடித்து முன்னே கொண்டுபோனாள். "இவர் உடன்பிறப்பு மாதிரி ஐயா. பிள்ளைக்குப் பிறகு இவர் போடட்டும்."

ஆர்த்திகா போட்டுவிட்டு, "வாங்கோ மாமா" என்று விலகி இடம் விட்டாள். யாரோ அவரது உள்ளங்கையில் அரிசியை வைத்தார்கள். மூர்த்தி குனிந்தார். அரிசி விரல்களில் ஈரமாக ஒட்டியது, விழவில்லை. பின்னால் வரிசை காத்துக்கொண்டு நின்றது. அவர் மற்றக் கையால் அதை வழித்து, சிநேகிதரின் வாயருகே வைத்தார்.