அனிற்றாவின் ஒரே மவுத்பீஸ்

இத்தாலியின் பலெர்மோவில் சிஞ்ஞோராமாரின், அதாவது வீட்டு எசமானிகளின், வீடுகளைக் கூட்டித் துடைத்துப் பிழைக்கும் நம் பெண்களை எண்ணி முடியாது. அவர்களில் ட்ரம்பெற் ஊதுகிறவள் அனிற்றா ஒருத்திதான்.

மன்னார்ப் பக்கம், பேசாலையில் பிறந்தவள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பாண்ட் தொடங்கியபோது பெண்பிள்ளைகளுக்கு மேளமும் தாளமும் போதும் என்று தீர்மானித்திருந்தார்கள். அனிற்றா ட்ரம்பெற்தான் வேண்டும் என்று நின்றாள். நின்றாள் என்றால் மூன்று நாள், சிஸ்டரின் அறை வாசலில், நிஜமாகவே நின்றாள். நாலாம் நாள் சிஸ்டர் ட்ரம்பெற்றைக் கையில் கொடுத்துவிட்டுத் தலையிடிக் குளிசை போட்டுக்கொண்டாராம். பிறகு பங்குச்சுவாமி வந்து பாண்ட் சாமான்கள் எல்லாவற்றையும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்.

பள்ளிக்கூடத்தை விட்டு விலகியபோது ட்ரம்பெற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. அதன் மவுத்பீஸை மட்டும், அதாவது உதட்டில் வைத்து ஊதுகிற வெள்ளி முலாம் பூசிய அந்தச் சின்னத் துண்டை மட்டும், சிஸ்டர் கழற்றிக் கொடுத்தார். "உன்ர வாய் பட்டதை இனி ஆர் வாயில வைக்கிறது? கொண்டுபோ" என்றார். அது அவளோடு கடல் கடந்து பலெர்மோவுக்கு வந்தது. இங்கே வாங்கின பழைய ட்ரம்பெற்றில் அதைத்தான் பூட்டி ஊதினாள். மந்திரித்த சாமான் என்பதால் அதன்மேல் ஒரு பயபக்தி. சனிக்கிழமை தவறாமல் பழப்புளியும் தேங்காய்த் தும்பும் போட்டு, கோயில் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரித் தேய்த்துப் பளபளக்க வைப்பாள்.

பலெர்மோவின் கால்சாப் பகுதியில், கடலுக்கு இரண்டு தெரு பின்னால், ஒரு சின்னக் கோயிலின் சபையார் பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலம் எடுப்பார்கள். பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்குத்தான் வாசலுக்குத் திரும்பும். ஆறு மணித்தியாலமும் பாண்ட் நடந்துகொண்டே சோக மார்ச் வாசிக்க வேண்டும். முடிவில், தோளில் சுமந்து வந்த வியாகுல மாதாவின் சுரூபத்தை வாசலில் இறக்கி வைத்ததும் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிட, ஒற்றை ட்ரம்பெற் தனியாக வாசிக்கும். இரண்டு நிமிஷம்கூட வராது. துக்க நாள் என்பதால் ஒருவரும் கைதட்டமாட்டார்கள். ஆனால் சுரூபம் தூக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசித்தது மனதைத் தொட்டுவிட்டால், சபைத் தலைவர் கோயிலுக்குள் தூக்கச் சொல்லி மரக்கட்டையைத் தட்டினாலும் தூக்கமாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இன்னொரு தரம் வாசி என்று அர்த்தம். வாசித்து முடிந்ததும் தலைவர் அந்த வாத்தியக்காரரின் பேரைச் சொல்லிக் கத்துவார்; அந்தப் பேருக்குத்தான் மாதாவைத் தூக்குவார்கள்.

மூன்றாம் ட்ரம்பெற்றாக அனிற்றா நின்ற ஒன்பது வருஷத்தில் அப்படி நடந்தது இரண்டே தரம். இரண்டு தரமும் முதல் ட்ரம்பெற் சால்வோவுக்கு. அந்த ஒன்பது வருஷத்தில் தலைவர் அனிற்றாவைப் பார்த்துத் தலையசைத்திருக்கிறாரே தவிர, பேர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஆனால் அந்த வாசலில் தன் பேர் ஒருநாள் கேட்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. புருஷனிடம்கூடச் சொல்லாத ஆசை.

இந்த வருஷம் தை மாதம் சால்வோ மிலானோவுக்கு வேலைக்குப் போய்விட்டான். இரண்டாம் ட்ரம்பெற்காரர் முன்பல் கட்டின நாளிலிருந்து தனியாக வாசிக்கப் பயப்படுகிறவர். மிச்சம் அனிற்றாதான். பாண்டை நடத்துகிற மாயெஸ்த்ரோ டாவிதே அவளைவிடப் பத்து வயது இளையவன். வாயால் மாயெஸ்த்ரோ என்பாள், மனதுக்குள் பெடியன்தான், சின்னப் பையன்.

"தனி வாசிப்பு உங்களுக்கு" என்றான் அவன் இத்தாலியனில். "ஆனால் அந்த மவுத்பீஸில் வேண்டாம். அதன் கிண்ணம் தட்டை. மார்ச்சுக்கு நல்லது, சுள்ளென்று கேட்கும். தனி வாசிப்புக்குக் குரல் கனிய வேண்டும். அதற்கு ஆழமான கிண்ணம் வேண்டும். மார்ச்சுக்கு உங்களுடையதை வைத்திருங்கள், முடிவில் இதை மாற்றிப் பூட்டுங்கள்."

பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அனிற்றா கையை நீட்டவில்லை.

"மாயெஸ்த்ரோ, சால்வோவிடம் ஐந்து இருந்தது. அவன் காலையும் மாலையும் ஊதுவான், ஐந்தையும் அவன் உதடு படித்துக்கொள்ளும். நான் எட்டு மணித்தியாலம் வேலை செய்கிறேன். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது. அதற்குள் என் உதடு ஒன்றைத்தான் படிக்கும்."

"மூன்று நாள் ஊதிப் பாருங்கள். மூன்றே நாள்."

சரி, பெடியன் கெஞ்சுகிறானே என்று வாங்கிக்கொண்டாள். அவள் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் பழைய மாளிகை கால்சாவிலேயே இருந்தது. மொட்டைமாடியில் உடுப்புத் தோய்க்கும் அறை. நாலு மணிக்கு வேலை முடிந்ததும் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவாள். சிஞ்ஞோராவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்த வகையில் இரண்டு பேருக்கும் சமாதானம். அந்த மூன்று நாளும் பாதி நேரம் பழையதில் மார்ச், பாதி நேரம் புதியதில் தனி வாசிப்பு என்று பழகினாள். மூன்றாம் நாள் மேலுதடு மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது.

அனிற்றாவுக்கு அது போதும். அடுத்த ஒத்திகையில் பாண்ட்காரர் நாற்பது பேருக்கு முன்னால் மவுத்பீஸை மாயெஸ்த்ரோவின் கையில் வைத்தாள். "என் உதட்டைப் பாருங்கள். ஒரு வாய்க்கு ஒன்றுதான். இது என்னை எரித்துவிட்டது. நான் என்னுடையதிலேயே வாசிக்கிறேன், வேண்டாமென்றால் வேறு ஆள் பாருங்கள்" என்று அடித்துச் சொன்னாள். வேறு ஆள் இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். டாவிதே அதைப் பையில் போட்டான்.

ஆனால் எரிவு நிற்கவில்லை. இன்னும் மோசமானது. ஞாயிற்றுக்கிழமை நகருக்கு வெளியே சியாகுல்லியில், புருஷன் அலோசியஸ் மன்டரின் பழம் பிடுங்கும் தோட்டத்துக்கு ட்ரம்பெற்றோடு போனாள். அங்கே எவ்வளவு சத்தமாக ஊதினாலும் கேட்க ஆளில்லை. பத்து நிமிஷத்தில் உதடு வீங்கிவிட்டது. மரத்தடியில் குந்தியிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இஞ்சரும், ஏன் உயிரை விடுறீர்? உந்த வெள்ளிக்கிழமை இல்லாட்டி வாற வருசம்" என்றான் அலோசியஸ், கத்தரிக்கோலை இடுப்பில் செருகியபடி.

"வாற வருசம் சால்வோ திரும்பி வருவான். பிறகு நான் செத்தாலும் மூண்டாம் ஆள்தான். நான் விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

"அப்ப மருந்தைப் பூசும்."

"பூசிறன். ஊதவும் செய்யிறன்."

அவளோடு கதைத்து வெல்ல முடியாது என்பது அலோசியஸுக்குக் கலியாணம் கட்டி இரண்டாம் கிழமையே தெரிந்த விஷயம். போய் மிச்ச மரங்களில் பழம் பிடுங்கினான்.

பெரிய வெள்ளிக்குப் பதினைந்து நாள் இருந்தபோது சிஞ்ஞோரா முள்ளும் கரண்டியும் இருக்கும் பெட்டியைத் திறந்து வைத்தாள். பாஸ்குவா என்கிற ஈஸ்டர் பெருநாள் விருந்துக்கு வெள்ளி முலாம் பூசினதெல்லாம் வருஷா வருஷம் துடைக்க வேண்டும். மெல்லிய துணி, வெள்ளைத் தூள், பூப்போலத் தேய்க்க வேண்டும். அது அனிற்றாவுக்கு அத்துபடி. அன்றைக்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு முள்ளுக்கரண்டி வந்தது. பற்கள் எல்லாம் மஞ்சள்.

"அதை ஒதுக்கி வை. முந்தி இருந்த வேலைக்காரி எலுமிச்சம்பழத்தைப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தாள், முலாம் போய்விட்டது" என்று சிஞ்ஞோரா சலித்துக்கொண்டாள். "உள்ளே இருக்கும் பித்தளை வாயில் பட்டால் எனக்கு உதடெல்லாம் பொங்கிவிடும்."

அனிற்றா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். முந்தின வேலைக்காரியின் மடத்தனத்தை நினைத்துச் சிரிக்க வாயெடுத்தவள், அப்படியே நின்றாள். பிறகு மொட்டைமாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

வெயிலில் மவுத்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பு முழுக்க மஞ்சள். இத்தனை நாளும் அதைத் தன் கைப்பளபளப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். இருபத்தைந்து வருஷப் பழப்புளி! ஊர்ப் பித்தளைக்குச் செய்கிற மரியாதையை வெள்ளி முலாமுக்குச் செய்திருக்கிறாள். சிஞ்ஞோராவின் கரண்டியைப் பூப்போலத் தேய்த்த அதே கையால், தன் சொந்தச் சாமானைத் தும்பால் உரித்திருக்கிறாள். மிச்சமிருந்த கடைசிப் படலமும் இந்த வருஷம்தான் போயிருக்க வேண்டும். எரித்தது பெடியன் கொடுத்ததல்ல, இதுதான். அவளுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. தோய்க்கிற தொட்டியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள், கை வலித்தது.

நகைத்தெருவில் முலாம் பூசுகிறவனிடம் ஓடினாள். பெருநாள் கழிய வா என்றான். அன்று பின்னேரமே ஒத்திகைக்குப் போய், நாற்பது பேருக்கு முன்னால் சொன்ன பிழையை நாற்பது பேருக்கு முன்னால்தான் திருத்த வேண்டும் என்று நடுவில் போய் நின்றாள்.

"மாயெஸ்த்ரோ, என் உதட்டை எரித்தது உங்கள் மவுத்பீஸ் அல்ல. என்னுடையது. நான்தான் தேய்த்துக் கெடுத்தேன். உங்கள்மேல் பழி போட்டது பிழை."

யாரோ பின்னால் சிரித்தார்கள். டாவிதே சிரிக்கவில்லை. பையைத் திறந்து இரண்டை எடுத்தான். "மார்ச்சுக்கு இந்தத் தட்டை. முடிவுக்கு அந்த ஆழம்."

"ஆழமானதை மட்டும் தாருங்கள்."

"ஆழமானதில் ஆறு மணித்தியால மார்ச்சா? மேலே போகும் சுரங்கள் உங்களைக் கொன்றுவிடும். ஐந்தாம் மணித்தியாலத்தில் உதடு விட்டுவிடும். இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்."

"என்னுடையது பிழை. ஒன்று என்பது பிழையில்லை" என்றாள் அனிற்றா. "முடிவில் வரும் அந்த இரண்டு நிமிஷத்தில் என் உதடு புது ஆளைச் சந்திக்கக் கூடாது. ஆறு மணித்தியாலம் கூடவே நடந்த ஆளாக இருக்க வேண்டும்."

உதடு ஆற மூன்று நாள் விட்டாள். ஊதாமல் இருந்த அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் அவளுக்குக் கிட்டப் போகவில்லை. பிறகு பன்னிரண்டு நாள். சிஞ்ஞோராவிடம் கேட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையும் மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டாள். முதல் நாள் மார்ச்சின் உச்சச் சுரம் காற்றாகத்தான் வந்தது. ஐந்தாம் நாள் வந்தது, ஆனால் கீச்சென்று. ஒன்பதாம் நாள் பத்துத் தரத்தில் ஏழு தரம் சரியாக வந்தது. அந்த மிச்ச மூன்றை நினைத்து நித்திரை கொள்ளாமல் கிடந்தாள். பழைய மவுத்பீஸை என்ன செய்வது? மந்திரித்ததை எறியக்கூடாது. கிண்ணம் மேலே பார்க்கிற மாதிரி மாதா படத்துக்கு முன்னால் மணல் நிரப்பின கோப்பையில் நிமிர்த்தி நட்டு, அதில் ஒரு மெழுகுதிரியைச் செருகினாள். அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்தியது.

பெரிய வெள்ளிக்கிழமை. ஒருசந்தி இருக்கிற நாள், அனிற்றா பச்சைத்தண்ணியைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. இரண்டு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. மூன்று மணி வரை ஒரு கரைச்சலும் இல்லை. ஐந்து மணிக்கு உதட்டின் ஓரம் மரத்தது. டாவிதே சொன்ன அதே ஐந்தாம் மணித்தியாலத்தில், மார்க்கெட் தெரு மூலையில், நம் ஆட்கள் கூட்டமாக நின்று பார்த்த இடத்தில், உச்சச் சுரம் உடைந்தது. உடைந்தது என்றால் எல்லோருக்கும் கேட்க, அசிங்கமாக. கூட்டத்தில் நின்ற அலோசியஸ் தலையைக் குனிந்துகொண்டான். முன்னால் நடந்த டாவிதே திரும்பினான். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். தட்டை மவுத்பீஸ் அங்கே இருந்தது. அனிற்றா இல்லை என்று தலையை ஆட்டினாள். அடுத்த மார்ச்சில் அதே சுரம் வந்தபோது விலகவில்லை, மெல்ல ஏறிப் பிடித்தாள். பிடிபட்டது.

எட்டு மணிக்கு மாதாவை வாசலில் இறக்கினார்கள். தெரு அடங்கியது. அனிற்றா முன்னால் வந்து வாசித்தாள்.

குரல் கனிந்து வந்தது. தட்டைக் கிண்ணத்தில் ஒருநாளும் வராத குரல். ஆறு மணித்தியாலம் தேய்ந்த உதடு அந்த விளிம்பை விட்டு எங்கேயும் போகவில்லை. முடித்துவிட்டு ட்ரம்பெற்றை இறக்கினாள். தலைவர் மரக்கட்டையைத் தட்டினார்.

ஒருவரும் தூக்கவில்லை.

சுரூபம் தூக்குகிற நாற்பது ஆண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அனிற்றாவின் வாயில் இரத்தம் உப்புக் கரித்தது, கீழுதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முடியுமா என்று டாவிதே கண்ணால் கேட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ட்ரம்பெற்றை உயர்த்தினாள். இரண்டாந்தரம் முதல் தரத்தைவிட நன்றாக வந்தது என்றால் அது பொய். கடைசிச் சுரம் நடுங்கியது. ஆனால் உடையவில்லை, அவள் விடவில்லை.

தலைவர் கத்துவதற்கு வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டார். கிழவர் முகம் சிவந்துபோயிற்று. இரண்டு எட்டு முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் சிஞ்ஞோரா. உங்கள் பேர் என்ன?"

வீங்கின உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். தலைவர் திரும்பி, கடல் வரை கேட்கிற மாதிரி, "அனிற்றாவுக்காக!" என்று கத்தினார். நாற்பது பேரும் ஒரே மூச்சில் மாதாவைத் தூக்கினார்கள். அனிற்றா ட்ரம்பெற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, விம்மி விம்மி அழுதாள்.