அண்ணனின் உப்பு மூட்டை

பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டவன் என் அண்ணன். அதற்காக விடியற்காலையில் எழுப்பப்பட்டவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். முத்தியால்பேட்டை மாதா கோயிலில் முதல் பூசை மணி அடிப்பதற்குள் என் போர்வையை உருவிவிடுவான். “எந்திரிடி, நேரமாச்சு” என்பான். யாருக்கு நேரமாச்சு? நான் எந்த எல்லையைக் காக்கப் போகிறேன்? ஆனாலும் எழுந்தே ஆகவேண்டும். அவன் பயிற்சியில் நான்தான் மூட்டை.

முழுக்கதையும் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். எங்கள் அப்பா சைகோனுக்கு வேலை என்று கப்பல் ஏறியவர். கொஞ்ச காலம் பணம் வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. அம்மா பெரிய மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்றாள். நாளெல்லாம் குந்தியிருந்து அவளுடைய முழங்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும், எழுந்தால் திரும்ப உட்காரப் பயம். அந்தக் காலோடு கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிடுவாள். அண்ணன் கூடையைத் தொட வந்தால் விடமாட்டாள். “பிரெவே பாஸ் பண்ண புள்ள கீரக் கூட தூக்குறதா? மார்க்கெட்டே சிரிக்கும்” என்பாள்.

பிரெவே என்பது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பரீட்சை. அது பாஸானால் ஆபீசில் நாற்காலி நிச்சயம் என்று நம்பித்தான் அம்மா அவனைப் படிக்க வைத்தாள். அவன் பாஸ் பண்ணுவதற்குள் பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போய்விட்டான். எந்த ஆபீசுக்குப் போனாலும் இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. கடைசியில் பட்டாளம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதில் சேர்ந்துவிட்டால் மாதம் தவறாமல் மணியார்டர் வரும், அம்மா மார்க்கெட்டில் போய்க் குந்த வேண்டாம். எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே கிடையாது.

பிரெஞ்சுக்காரன் கையெழுத்துப் போட்டு ஊர் காகிதத்திலும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்ட வருஷம் அது. கடலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் போனான். அன்று சாயங்காலமே திரும்பி வந்தான். எடை பற்றவில்லை, மூச்சை இழுத்தால் மார்பு விரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த தடவை வா என்று அனுப்பிவிட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டு! யார் வீட்டில்? எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஒனக்கு யூனிபாரம் எதுக்குடா? அத கொடியில காயப் போட்டாலே நீ நிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே வெங்காய மண்டியில் சங்கிலி போட்ட பெரிய தராசு ஒன்று உண்டு. அதில் அண்ணனை உட்கார வைத்து, எதிர்த்தட்டில் எந்தெந்தக் கல் வைத்தார்கள் என்று அம்மா கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கல்லை மறக்கமாட்டாள். நானும் அடம் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து, முடியெல்லாம் கொட்டி, குச்சியாகக் கிடந்து எழுந்தவள் நான். எனக்கு வைத்த கல்லைப் பார்த்து மண்டிக்காரர், “இன்னா யக்கா, பொண்ணுன்னு சொல்லிட்டு முருங்கக்கா கட்ட ஏத்தி வுட்டுருக்க?” என்றார். அம்மா சிரிக்கவில்லை.

அண்ணன் பயிற்சியைத் தொடங்கினான். டவுனில் தேகப்பயிற்சிக்கூடம் இருந்தது. அதற்குச் சந்தா கட்டவேண்டும், பால், பாதாம் என்று வேறு சொல்லுவார்கள். நமக்கு ஏது? கொல்லையில் தண்டால் எடுத்தான், பஸ்கி போட்டான், பூவரச மரத்துக் கிளையைப் பிடித்துத் தொங்கித் தொங்கி எழும்பினான். கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மூச்சை இழுத்து அடக்கினான். அவன் உடம்பு தேற்றுகிற செய்தி தெருவுக்குப் பரவியதோ இல்லையோ, ஆளாளுக்கு அவன்மேல் அக்கறை வந்துவிட்டது. “தம்பி, இந்தத் தொட்டிய ரொப்பிடு, தோளுக்கு நல்லது.” “தம்பி, இந்த பீரோவ அந்தண்ட தள்ளிடு, மாருக்கு நல்லது.” ஒருத்தி உரலில் மாவு இடிக்க உலக்கையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். இவனும் இளிச்சவாயன், எல்லாவற்றையும் செய்துவிட்டு வருவான். ராத்திரி சோற்றை அள்ளி வாயில் வைக்கத் தெம்பு இருக்காது. இப்படி இருந்தால் உடம்பு எங்கே ஏறும்?

பட்டாளத்தில் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட விடுவார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். உடனே மூட்டை வேண்டும். அம்மாவின் சாக்கை எடுத்துக் கடல் மணலை ரொப்பினான். இரண்டாம் நாளே சாக்கு கிழிந்தது. “சேசு மரி சூசை! கீரய எதுலடா பரப்புவேன்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் வேறு சாக்கு இல்லை. அப்போதுதான் அவன் கண் என்மேல் விழுந்தது.

உப்பு மூட்டை விளையாட்டு எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் பிடிக்கும். தினம் தினம், விடியாத இருட்டில், பனியில், கடற்கரை மணலில் ஒருத்தன் முதுகில் ஏறிக் குலுங்கிப் பாருங்கள், தெரியும். அவன் முதுகெலும்பு என் நெஞ்சில் முட்டும். கால் இரண்டும் தொங்கித் தொங்கி மரத்துப்போகும். குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டே, “தங்கச்சிய எந்த ஊருக்குத் தூக்கினு ஓடுற?” என்று கேலி செய்வார்கள். எனக்கு மானம் போகும். அதிலும் தூக்கம் சொக்கிக்கொண்டு வரும். தலை அவன் தோளில் சாய்ந்தால் போதும், அதட்டுவான்.

“தூங்காதடி! தூங்குனா பொணம் கனம் கனக்குற.”

“கனம் வேணும்னுதான தூக்குன? தூக்கு.”

என்னை ஒரு உதறு உதறி மேலே ஏற்றிக்கொண்டு ஓடுவான்.

வீடு திரும்பினால் அடுத்த வேதனை. அம்மா மார்க்கெட்டுக்குப் போகும் முன் அண்ணனுக்கென்று ஒரு அவித்த முட்டையும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் மூடி வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கும் எனக்கும் கேழ்வரகுக் கூழ். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பட்டாளத்துக்குப் போகிறவன் தின்னட்டும் என்றுதான் இருந்தேன். இவன்தான் முட்டையை உடைத்து, மஞ்சள் கருவை அப்படியே எடுத்து என் கையில் வைப்பான்.

“எனக்கு வேணாம்.”

“தின்னுடி. கனமெல்லாம் மஞ்சக்கருவுலதான் இருக்கு. நேத்து நீ முதுகுல இருக்கியா இல்லியான்னே தெரியல. இப்படி இருந்தா நான் இன்னா பயிற்சி பண்றது?”

“தொண்டைல ஒட்டுது.”

“தண்ணி குடிச்சு முழுங்கு.”

கொண்டைக்கடலையிலும் பாதிக்கு மேல் என் பக்கம் தள்ளுவான். நான் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க விடமாட்டான். “அம்மாகிட்ட சொல்லாத, பயிற்சி எப்படின்னு அதுக்குத் தெரியாது” என்பான். அவன் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். மூட்டை லேசாக இருந்தால் என்ன பிரயோஜனம்? மூட்டையின் வேலை கனப்பது, அதற்கு இந்தத் தண்டனை என்று முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினேன். அப்புறம் பள்ளிக்கூடத்தில் போய்த் தூங்கிவிழுந்து கன்னியாஸ்திரியிடம் காதைக் கொடுத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சீனாக்காரன் சண்டை என்று ஊரே ரேடியோ இருந்த கடை வாசலில் கூடி நின்றது. அண்ணன் மழையிலும் ஓடினான். கிழிந்துபோன அந்தச் சாக்கை மடித்து என் தலையில் போட்டுக் கூட்டிப்போனான். எனக்கு அலுத்துவிட்டது. உடம்பெல்லாம் அசதி. அவனுக்கும் அசதிதான், அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். நாளாக நாளாக மணலில் அவன் கால் தடுக்குவது எனக்குத் தெரிந்தது. முன்பு கட்டுமரங்களைத் தாண்டி ஓடியவன், இப்போது அதற்கு முன்னாலேயே என்னை இறக்கிவிட்டுக் குனிந்து நின்றான். அவனுக்குத் தெம்பு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நான் கனத்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகை பிறந்த கையோடு கடலூரில் மறுபடி ஆள் எடுத்தார்கள். முந்தின நாள் அம்மா எங்களைத் திரும்பவும் வெங்காய மண்டிக்கு அழைத்துப் போனாள். அண்ணன் தட்டில் உட்கார்ந்தான். போன தடவை வைத்த கற்களையே எடுத்து வைக்கச் சொன்னாள். அண்ணன் இருந்த தட்டு மேலே போயிற்று. ஒரு கல்லை எடுத்த பிறகுதான் முள் நேராக நின்றது. அம்மா நம்பவில்லை. “தராசு சரியில்ல. இந்தப் புள்ளய ஏத்திப் பாரு” என்று என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். எனக்குப் போன தடவை வைத்த கல் பற்றவில்லை. மண்டிக்காரர் இன்னொரு கல் வைத்தார். அதுவும் பற்றவில்லை, மேலும் ஒன்று வைத்தார்.

“யக்கா, தராசுல கோளாறு இல்ல. பையன் உடம்பு பொண்ணுகிட்ட போயிடுச்சு. பட்டாளத்துக்கு இவள அனுப்பு, சண்ட முடிஞ்சிடும்” என்று சிரித்தார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவன் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு குடம் தண்ணீருமாக வயிற்றை ரொப்பிக்கொண்டு கடலூருக்குப் போனான். ஓட்டத்தில் இவன்தான் முதல் ஆளாம். கயிறு ஏறினான், மார்பும் விரிந்தது. எடைக்கு வரிசையில் நின்றபோது வயிறு புரட்டிக் குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிட்டது. கொஞ்சம்தான் குறைந்தது என்றான். கொஞ்சம் என்றாலும் குறைந்ததுதானே.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் அம்மா கேட்டாள்.

“முட்டய யார்ரா தின்னது?”

“நானும் அதுவும்.”

“ஏன்?”

“முதுகுல கனம் வேணும்ல. அதான்.”

அம்மா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் மேல்கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள், புதிதாக முளைத்திருந்த முடியைத் தடவினாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் என்னை அப்படித் தொட்டதே இல்லை. பிறகு அழ ஆரம்பித்தாள்.

“இது தங்காதுன்னு நெனச்சிட்டேன்டா. காய்ச்சல்ல கெடந்த கெடைய பாத்தப்பவே மனச தேத்திக்கினேன். இருக்குற ஒரு முட்டயும் வீணாப் போவ வேணாம்னுதான் ஒனக்கு வெச்சேன்.”

“தெரியும்மா” என்றான் அண்ணன்.

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். வாங்கி வந்த பூசணிக்காய் அழுகுமா அழுகாதா என்று பேசிக்கொள்வது மாதிரி என் தலைக்கு மேலே இரண்டு பேரும் பேசுகிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மாமேல் கோபம். அதைவிட அவன்மேல் கோபம். யார் கேட்டது? நான் முட்டை கேட்டேனா? எத்தனையோ வருஷம் கழித்து, அவன் ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்து, கண் மங்கி உட்கார்ந்திருந்தபோதுகூட ஒரு நாள் சண்டை பிடித்தேன். “ஒன் பட்டாளத்த நான்தான தின்னேன்? அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். “போடி, மூட்ட லேசா இருந்தா பயிற்சி ஆவாது” என்றான். கடைசிவரைக்கும் அதையேதான் சொன்னான். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

அந்த அழுகைக்கு மறுநாள் காலை பூசை மணி அடிக்கும் முன்பே எனக்கு விழிப்புத் தட்டிவிட்டது. எழுந்து போய் அவன் முன்னால் நின்றேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“வாண்ணே, கடலுக்கு.”

“வேணாண்டி. அசதியா இருக்கு.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடைக்குக் குனிந்தாள். அண்ணன் எழுந்து போய்க் கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். அம்மா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், அப்புறம் கையை நீட்டிக் கூடையைச் சரியாக்கிவிட்டாள். கூடையில் இடம் பற்றாத முளைக்கீரைக் கட்டுகளை ஒரு துணியில் சுற்றி என் தலையில் வைத்தான். மூன்று பேரும் நடந்தோம். காய்ச்சலுக்குப் பிறகு, யாரும் தூக்காமல் பெரிய மார்க்கெட் வரைக்கும் நான் நடந்தே போனது அன்றுதான் முதல் தடவை. பாதி வழியில் அவன் திரும்பிப் பார்த்தான்.

“கனக்குதாடி?”

“இல்ல” என்றேன்.