நாங்கள் நிற்கவைத்த ஆள்

விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் தந்தி வந்தது. ஜெயபாலன் மேல்சித்தாமூரில், தன் வீட்டில், காலமாகிவிட்டார். படித்து மடித்து வைத்துவிட்டு, பாதியில் நின்ற தாளைத் திருத்தி முடித்தேன். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

எங்கள் உளவியல் துறையில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள், நன்றாக வந்த ஓர் ஆய்வைக் கைவிட்ட பிடிவாதக்காரர் என்கிறார்கள். உடன் வேலை செய்தவள் என்ற முறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் செஞ்சியில் சந்தைச் சுவர் இடிந்து சிலருக்கு அடிபட்டது. சில மாதங்கள் கழித்து, அதைப் பார்த்தவர்களின் வீடுகளுக்குக் கேள்வித்தாளோடு போனோம். கேட்கும் விதத்தால் ஞாபகம் மாறுமா என்பது ஆய்வு. அதற்காக ஒரு கேள்வியைப் பொய்யாக வைத்தோம்: "நீலச் சட்டை போட்ட ஒருவர் உதவாமல் வேடிக்கை பார்த்தாரே, நினைவிருக்கிறதா?" அப்படி ஒருவர் இல்லை. பேட்டி முடிந்ததும் அது பொய் என்று விளக்கிவிட வேண்டும் என்பது விதி.

பெண்களிடம் நான் உள்ளே கேட்பேன். ஆண்களிடம் அவர் முன்னறையில். பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும், சமணர். "இன்னா சார், சூரியன் எறங்குது, இன்னும் டிபன் பாக்ஸ தொறக்கலியா?" என்று டீக்கடைக்காரர் தினமும் சீண்டுவார். எனக்கோ கடைசி பஸ் கவலை. விளக்கத்தை வீட்டுக்கு ஒருமுறை, முன்னறையில் அவர் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்தவள் நான்.

மறுவருடம் அதே வீடுகளுக்குப் போனோம். தையல் வேலை செய்யும் நூர்ஜஹான் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"நீங்க கேட்டப்பறந்தாம்மா எனக்கே ஞாபகம் வந்துச்சு. அது எங்க அண்ணன். அத்தா கால் ஒடஞ்சி கெடக்குறாரு, இவன் பாத்துனு நிக்கிறான்."

அண்ணன் அன்று பக்கத்து ஊரான வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கப் போயிருந்தவர். ஒரு வருடமாகத் தங்கை அவரோடு பேசவில்லை. அவர் வந்தால் கதவைத் திறப்பதில்லை.

ஜெயபாலனைக் கூப்பிட்டேன். "அது நாங்க கட்டி உட்டதும்மா. நீலச் சட்டையே கெடையாது" என்றார் அவர்.

"நீங்க சொன்னது பொய்யாவே இருக்கட்டும் சார். நான் பாத்தது?"

நூர்ஜஹானின் கணவர் முனகினார்: "சார் அன்னிக்கே இன்னாவோ சொன்னாரு. பொம்பளைங்ககிட்ட சொல்லச் சொல்லலியே."

திரும்பும் பஸ்ஸில் நான், ஒருவருக்குத்தானே இப்படி, முடிவுகள் தெளிவாக வந்திருக்கின்றன என்றேன். "முடிவு சரிதாங்க. அதான் பயமா இருக்குது" என்றார். விளக்கம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்றே தெரியாதபோது, மறுவருட விடைகளை எப்படி நம்புவது என்றும் கேட்டார். அப்போதும் நான் வாதாடினேன்.

இதழுக்கு அனுப்பியிருந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். "அண்ணன் தங்கச்சி சண்டைக்காகவா மூணு வருஷ வேலையை விடுறீங்க?" என்றார் துறைத்தலைவர். "ஆமாங்க சார்" என்றதோடு சரி.

அதன்பின் விடுமுறை நாட்களில் மனைவியையும் அழைத்துக்கொண்டு, வீடு வீடாகப் பெண்களிடம் நேரில் விளக்கினார். நான் இரண்டு முறை போனேன். பிறகு அலுத்து நின்றுவிட்டேன். நூர்ஜஹான் வீட்டுக்கு மட்டும் அவர் எத்தனை முறை போனார் என்று தெரியாது. ஒரு ரம்ஜானுக்கு அண்ணனையும் கூட்டிப் போனார். கதவு திறந்தது, தங்கை சாப்பாடு போட்டார்.

"மன்னிச்சிட்டேன் சார். எவ்ளோ நாளுதான் மனசுல வெச்சினு இருக்கறது" என்றாராம். அண்ணன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாராம்.

இதைச் சொன்னபோது ஜெயபாலனின் குரல் உயரவில்லை. "செய்யாததுக்கு மன்னிப்புங்க. அதையும் வாங்கிக்கினாரு. இதுக்கு மேல நான் இன்னா சொல்லட்டும்?"

துறையில் நாங்கள் எல்லோரும் அதை ஜெயபாலனின் தோல்வி என்றே கேட்டுப் பழகிவிட்டோம். வகுப்பில் அவரே அப்படித்தான் சொல்வார்: நான் சரியாக விளக்கவில்லை, என் தவறு. ஏற்பாடு யாருடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் முன்வந்து சொன்னதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வது அந்தத் தவறில் என் பங்கைத்தான். இனி அதைச் சுமக்க அவர் இல்லை.