நின்ற இடத்தில் ஓடிய சைக்கிள்

குன்னத்துகால் ராபின்சனுக்கு முப்பத்தெட்டு வயதில் சாலை இல்லாமல் போயிற்று. அதுவரை மாவட்டச் சைக்கிள் போட்டிகளில் ஆறு தடவை முதலாவதாக வந்தவர் அவர். நெய்யாற்றின்கரையில் கிளார்க் வேலை கிடைத்ததும் அந்தச் சைக்கிளால்தான்.

1994 ஆவணியில் ஒரு காலை, கால்வாய்க்கரையில் அவரும் ராஜையாவும் வழக்கம்போல் மிதித்துக்கொண்டிருந்தார்கள். பாறசாலைச் சந்தையில் உரக்கடை வைத்திருந்த ராஜையா முன்னால் போக, ராபின்சன் அவருடைய பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். வயலிலிருந்து புல்லுக்கட்டோடு கரையேறிய கிருஷ்ணம்மா மேல் ராபின்சனின் சைக்கிள் மோதியது. அறுபது வயதுக்காரி. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ராஜையா திரும்பி ஓடிவந்தபோது, "குறுக்க சாடிட்டாவ மக்கா" என்றார் ராபின்சன். அவள் குறுக்கே பாய்ந்தாள் என்ற அந்தச் சொல்லை நம்பி, பஞ்சாயத்து மெம்பர் வீட்டில் பேச்சு நடந்த அன்று ராஜையா கிருஷ்ணம்மாவின் மகன்கள் உட்பட எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அவிய குறுக்க சாடினத நான் கண்டேனாக்கும்." உண்மையில் அவர் அதைப் பார்க்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் கூடவே மிதித்தவன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவில்லை. தப்பு கிருஷ்ணம்மா மேல்தான் என்று பேச்சு அத்துடன் முடிந்தது.

அடுத்த மாதம் ராபின்சன் மனைவி புஷ்பபாயைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனார். ஓரப் பார்வை உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்து இல்லை, இனி சாலையில் வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் புஷ்பபாய் அழுதாள். ராபின்சனுக்கு அழுகை வரவில்லை. இதையே வேறொரு டாக்டர் இரண்டு வருடம் முன்பே அவரிடம் சொல்லியிருந்தார். அந்தச் சீட்டு அலமாரியில் பழைய சான்றிதழ்களுக்கு அடியில் இருந்தது.

மறுவருடம் மஸ்கட்டிலிருந்து வந்த மைத்துனர் ஒரு இரும்பு ஸ்டாண்டைக் கொண்டுவந்தார். பின்சக்கரத்தின் அச்சை இருபக்கமும் திருகிப் பிடித்துத் தூக்கி நிறுத்தும். டயர் ஒரு சின்ன உருளையின் மேல் உருளும். கைப்பிடியில் மாட்டிய லிவரைத் திருப்பினால் மிதி கனக்கும், ஏற்றம் ஏறுவதுபோல. ரப்பர் ஷீட் உலர்த்தும் சாய்ப்புக் கொட்டகையில் அதை வைத்து, முன்சக்கரத்துக்கு ஒரு பலகை கொடுத்து மட்டப்படுத்தினார்கள்.

முதல் நாள் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டார். காற்று இல்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. முகத்துக்கு நேரே சுவர். ராஜையாதான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எலே, நீ மிதி. வழிய நான் சொல்லுதேன். இப்ப காரக்கோணம் ஏத்தம், லிவரத் திருப்பு. ஜங்ஷன்ல பஸ்சு நிக்குது, மெல்ல. ஆங், இனி எறக்கம்."

ஞாயிறு தவிர எல்லாக் காலையும் கடை திறக்குமுன் வந்துவிடுவார். செங்கல் கோவில் வளைவு, பாறசாலை ரயில் கேட் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். டயர் தேய்ந்து தரையில் கரும்பொடி படியும். கால்வாய்க்கரையை மட்டும் இருவரும் தொட்டதில்லை. இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ராபின்சனின் பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஒடுங்கிவிட்டது.

1997 மார்கழியில் ஒரு நாள் ராஜையா தன் போக்கில் சொல்லிவிட்டார்: "இனி கால்வாய்க்கரை. நேர் ரோடு, பேடிக்காண்டாம், பயமில்லாம மிதி."

ராபின்சனின் கால் நின்றது. உருளை மட்டும் கொஞ்ச நேரம் சுற்றி ஓய்ந்தது.

"அவிய சாடல்ல ராஜையா. பைய ஏறி வந்தாவ. எனக்குத்தான் தெரியல்ல."

"அதுக்கு நீ என்ன செய்வ? கண்ணுக்க தீனமில்லியா?"

"தீனம் உண்டுன்னு, அன்னைக்கு மோதுறதுக்கு ரெண்டு வருசம் முன்னயே எனக்குத் தெரியும்."

ராஜையா ஸ்டூலை விட்டு எழுந்தார். "அந்த மெம்பருக்க வீட்டுல, அவியளுக்க மக்களுக்க மொகத்தப் பாத்து நான் சொன்னேன்லே" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை. அதன்பிறகும் வரவில்லை.

பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்தார் ராபின்சன். பிறகு அலமாரியிலிருந்த அந்தப் பழைய டாக்டர் சீட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். புஷ்பபாய் தேதியைப் பார்த்தாள். "என்கிட்டயும் மறச்சிட்டியளே" என்றாள். அவ்வளவுதான். சேலையை மாற்றிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் கிருஷ்ணம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

கிருஷ்ணம்மா கட்டிலில் இருந்தாள். கம்பூன்றி முற்றம்வரை நடப்பாள், அதற்கு மேல் முடியாது. ராபின்சன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவர் பார்வையின் சின்ன வட்டத்துக்குள் அவள் முகம் வருவதும் நழுவுவதுமாக இருந்தது.

"மூணு வருசமா எனக்க மக்க என்னைய ஏசுதானுவ" என்றாள் அவள். "கண்ணத் தொறந்து நடக்காத்த கெழவின்னு. நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுப்போட்டேன். நான் ரெண்டு பக்கமும் நோக்கித்தான் ஏறினேன்னு எனக்கு ஓர்ம உண்டு, மறக்கல்ல. ஆனா எல்லாருமா சொன்னப்போ எனக்க ஓர்மையையே நான் நம்பல்ல."

ராபின்சன் தலைகுனிந்தார். "மாப்பு தாங்கம்மா."

"அது பின்ன. மக்க ரெண்டுபேரும் அந்திக்கு வருவானுவ. அவனுவகிட்ட சொல்லு. உரக்கச் சொல்லு."

மாலைவரை முற்றத்திலேயே காத்திருந்தார்கள். பிள்ளைகள் வந்தபிறகு, பக்கத்து வீட்டார் காதிலும் விழும்படி ராபின்சன் சொன்னார். மூத்தவன் காறித் துப்பிவிட்டு உள்ளே போனான். இளையவன் அம்மாவின் கட்டிலோரம் போய் நின்றான்.

மன்னிப்பைப் பற்றிக் கிருஷ்ணம்மா கடைசிவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 1999 மழைக்காலத்தில் அவள் இறந்தபோது ராபின்சனுக்கு வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரிந்தது. புஷ்பபாயின் தோளைப் பிடித்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போய், நனைந்தபடி முற்றத்தின் ஓரத்தில் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.